மலை இறங்கி வந்த நடை

அப்சல் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்று, கட்டிலில் படுத்திருந்த மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நீ எங்கயும் வெளிய போகலையே?"

ருக்சானாவுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பில் ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை போய்த் திரும்புவதற்குள் முதுகெல்லாம் வியர்த்துவிடும்.

"ஆமா, சந்தைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்து படுத்தேன்," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. ஏலக்காய் எடுக்கக் குமுளிக்குப் போனவர், ஜீப்பில் மலை இறங்கி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ரோட்டோரமாக ஒருத்தி நடந்து போவதைப் பார்த்திருக்கிறார். வலது பக்கம் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்து.

"உன் நடையேதான். வண்டிய நிப்பாட்டி இறங்கிப் பாத்தேன். யாரையும் காணோம்."

"ஊருல நான் ஒருத்திதான் நொண்டியா? வேற யாராச்சும் இருக்கும்."

"இருக்கும்," என்றார். ஆனால் அன்றைக்குச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

உத்தமபாளையத்தில் அந்தத் தெருவுக்கே அவளுடைய நடை தெரியும். பிறக்கும்போதே அவளுக்கு வலது இடுப்பில் குழி ஆழமாக அமையவில்லை. தொடையெலும்பின் உருண்டை அதில் உட்காராமல் மேலே நழுவி நின்றுவிட்டது. அதனால் வலது கால் இரண்டு அங்குலம் குட்டை. இடது காலின் பலமான மிதி, அதன்பின் வலது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் இழுவை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அப்படியே நடந்து காட்டிச் சிரிப்பார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வயதில் வலி வந்தது. நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி, தொழுகையில் குனிந்தால் உயிர் போகும்.

எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அழைத்துப் போனார் அப்சல். டாக்டர் கம்ப்யூட்டரில் அவளுடைய இடுப்பெலும்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எவ்வளவு செதுக்க வேண்டும் என்று அதில் பச்சையாகக் கோடு போட்டிருந்தது.

"மெஷினா அறுக்கும்?" என்று பயந்து கேட்டாள்.

"பிடிக்கிறது நான்தாம்மா. இந்தக் கோட்டைத் தாண்டி என் கை போனா, மெஷின் விடாது."

அதேபோல நடந்தது. பழைய உருண்டையை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரும்பு உருண்டையைப் பொருத்தினார்கள். இப்போது இரண்டு பாதங்களும் போர்வைக்குள் ஒரே அளவில் நீட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. அறுத்து எடுத்த பழைய எலும்பைப் பற்றி மட்டும் மயக்கம் தெளிந்ததும் கேட்டாள். உடம்பிலிருந்து எடுத்தது எதுவானாலும் மண்ணில் அடக்க வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்து கபர்ஸ்தானில் அடக்கிவிட்டதாக அப்சல் சொன்னார். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பதினோராம் நாள் காலையில் பால் ஊற்ற வந்த மொக்கம்மாள், அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ ஆத்தா, நீ இங்கனயா படுத்திருக்க? நேத்து பொழுசாய எங்க அக்கா ஊருல இருந்து பஸ்ஸுல வாரேன், கூடலூர் தாண்டி ரோட்டோரமா நீ நடந்து வார. ஜன்னல் வழியா கூப்புட்டேன். திரும்பவே இல்ல. என்ன கோவமோன்னு நினைச்சேன்."

"முகத்தப் பாத்தியா?"

மொக்கம்மாள் யோசித்தாள். "நடையத்தான் பாத்தேன்," என்றாள்.

அது ஆடி மாதம். கேரளத்துப் பக்கமிருந்து கணவாய் வழியாக வரும் காற்று தென்னை மட்டைகளை முறித்துப் போட்டு, தகரங்களைத் தூக்கி அடித்து, ஜன்னல் இடுக்குகளில் ஊளையிட்டுக்கொண்டு பகலெல்லாம் வீசியது. அந்த இரைச்சலுக்குள் ஏதாவது கேட்கிறதா என்று ருக்சானா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். தெருவில் யார் நடந்தாலும் மிதிகளை எண்ணினாள். முதலில் மலை. அப்புறம் கூடலூர். அடுத்தது கம்பம். கம்பத்திலிருந்து இங்கே எத்தனை மைல்?

மறுநாள் சாயங்காலம் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எலும்ப எந்த இடத்துல அடக்குனீக?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அல்லா மேல ஆணையா சொல்லுங்க."

"கேட்டேன் ருக்சானா. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ போய்க் கேட்டேன். அதெல்லாம் அப்பவே கழிவோட போயாச்சுன்னாக. நீ அழுவியேன்னுதான்..." அவள் கையைத் தடவிக்கொடுத்தார். "நாளைக்கு மதியம் ளுஹர் தொழுதுட்டு, பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஓதுறதுக்குக் கையோட கூட்டிட்டு வாரேன். பயப்படாத."

அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. எங்கோ தெரியாத ஊரில், யார் யாருடைய கழிவோடோ கிடந்த அதை நினைத்தாள். முப்பத்தாறு வருஷம் அவளைச் சுமந்தது அது. வலிக்கிறது என்றதும் அறுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் மதியம் அப்சல் பள்ளிவாசலுக்குக் கிளம்பிப் போனார். வீட்டில் அவருடைய தங்கை சாபிரா மட்டும் துணைக்கு இருந்தாள். அடுக்களையிலிருந்து மீன் வறுக்கும் வாசனை வந்தது. கரண்ட் போய் மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

அப்போது காற்றும் நின்றது.

ஒரு வாரமாகக் காதை அடைத்திருந்த இரைச்சல் ஒரே நொடியில் அறுந்து, தெருமுனைக் குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூட அவளுக்குக் கேட்டது. அதற்கும் அப்பால் வேறொன்றும் கேட்டது. மிதி. இழுவை. மிதி. இழுவை. அவசரமில்லாத, களைத்துப்போன நடை.

முன்வாசல் இரும்பு கேட் கிறீச்சிட்டது.

முற்றத்துச் சிமெண்டில் மிதி. இழுவை. வலது பாதம் தேயும் அந்தச் சத்தத்தில் மணல் நெரிந்தது. பிறகு வாசற்படி. எப்போதும்போல இடது காலை முதலில் வைத்து, சுவரில் கை ஊன்றி, மற்றதைத் தூக்கி வைத்தது. அவள் ஆயிரம் தடவை அப்படித்தான் ஏறியிருக்கிறாள்.

அடுக்களையிலிருந்து சாபிராவின் குரல் வந்தது.

"மதினி! வாக்கர் இல்லாம ஏன் நடக்குறீக? டாக்டர் என்ன சொன்னாரு? போய்ப் படுங்க, நான் வாரேன்."

'நான் படுத்துத்தான் கிடக்கேன், சாபிரா.' உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

நடுவீட்டில் மிதி. இழுவை.

எண்ணெய் சடசடத்தது. சாபிரா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மீனைத் திருப்பிப் போட்டாள். அவள் வரவில்லை.

மிதி.

கதவுத் திரை அசைந்தது.

அடியில் ஒரு பாதம் தெரிந்தது. வலது பாதம். உள்நோக்கி வளைந்த பெருவிரலை ருக்சானாவுக்குத் தெரியும். நகம் இல்லை. குதிகால் தேய்ந்து, தோல் கிழிந்து, உள்ளே வெள்ளையாக இருந்தது. விரல் இடுக்குகளில் தார். கணுக்காலில் மலைச் சேறு, அட்டை கடித்து வழிந்து காய்ந்த ரத்தம். அதற்கு மேலே அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அது கட்டிலை நோக்கி வந்தது. மிதி. இழுவை.

நின்றது.

மூச்சு வாங்கியது. வெகுதூரம் நடந்து வந்தவர்கள் வாங்குகிற மூச்சு. அவளுக்கு அழுகை வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தையல் வலிக்க வலிக்க, சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது.

ஈரமண் வாசனை. மருந்து வாசனை. போர்வைக்குள் அவள் காலோடு ஒட்டி ஒரு கால் நீண்டது. இரண்டு அங்குலம் குட்டையாக. பனிக்கட்டிபோல.

பிறகு அது அவள் இடுப்பைத் தேடியது.

தையலுக்கு மேலே அழுத்தியது. மெதுவாக. பொறுமையாக. தோல் வழிவிட்டது. வலிக்கவில்லை. குளிர் மட்டும் உள்ளே போனது. ஆழமாக. இன்னும் ஆழமாக.

உள்ளே இடமில்லை. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது.

எலும்பு இரும்பில் உரசியது. அவள் பல்லுக்குள் அந்தச் சத்தம் கேட்டது.

விலகியது.

மறுபடி வந்து முட்டியது.