வலி தின்ற பிற்பகல்

சமையலறைக்குள் நுழைந்ததும் கருகிய பால் வாடை மூக்கில் ஏறியது. பாத்திரத்தின் அடியில் பால் கறுத்து ஒட்டிக் கிடந்தது. அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. பால் வைத்தது அவளுக்கு நினைவில்லை. அணைத்ததும் நினைவில்லை.

முதலில் அவள் பயப்படவில்லை. இடுப்பில் கிளம்பிக் கணுக்கால் வரை ஓடும் அந்த வலி அவளிடம் குடியேறி வருடங்களாகிவிட்டன. காதருகில் ஓயாமல் பேசும் ஆள் மாதிரி, அது வேறு எதிலும் மனத்தை நிற்கவிடாது. தைத்துக்கொண்டே இருப்பாள், சட்டைக்கு இடது கையை வைத்தாயிற்றா, வலது கையையா என்று திடீரென்று குழம்பிப்போவாள். துணி கொடுத்தவர் சொன்ன அளவு, அவர் படியிறங்குவதற்குள் மறந்துவிடும். வலி உச்சிக்கு ஏறினால் ஒரு துண்டு நேரமே கத்தரித்து எடுத்த மாதிரி காணாமல் போகும். "ஒருநாள் தலையைக் கழட்டி வச்சிட்டு வீடெல்லாம் தேடப் போற பாரு," என்று லாரி ஓட்டும் கணவன் கேலி செய்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக்.

பின்னறையிலிருந்து வந்தது. அது மாமனாரின் அறை. படுத்த படுக்கையாகிவிட்ட அந்த மனிதரை மகன்கள் இருவரும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அவர் இளையவன் வீட்டில் இருந்தார். அறை காலி. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மழை கட்டி நின்றதில் பிற்பகலே அந்திபோல இருண்டிருக்க, தைலமும் பழைய துணியும் கலந்த வாடை நடைவழியில் தேங்கி நிற்க, சுவரைத் தடவியபடி மெல்ல நடந்தாள். கதவின் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாளை யாரும் போடுவதே இல்லை.

கையை நீட்டினாள். இடுப்புக்குள் யாரோ கம்பியைச் செருகித் திருகினார்கள்.

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் யாருடனோ பேசியது போலத் தொண்டை வறண்டிருந்தது. விரல் நுனிகளில் ஊசி குத்திய சிவப்புப் புள்ளிகள். போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா முழிச்சிட்டாரா?" என்றான் கணவன். பின்னால் லாரி இன்ஜின் உறுமியது.

"மாமா தம்பி வீட்லதானே இருக்கார்."

"காலைல தம்பி கொண்டாந்து விட்டானேம்மா. நீதானே கதவைத் திறந்தே. அப்புறம் நான் போன் பண்ணப்ப, மாமா தூங்குறார், எழுப்ப வேணாம்னு சொன்னே."

"நானா சொன்னேன்?"

"விளையாடாத. அவர்கிட்ட போனைக் குடு."

அவள் போனை மேசைமேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து அவன் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

டொக். இப்போது மெதுவாக. இடைவெளி விட்டு. டொக்.

உயிரோடு இருக்கிறார். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு நடைவழியைக் கடந்தாள். "இதோ வந்துட்டேன் மாமா." தாழ்ப்பாளை விலக்கினாள்.

கிழவர் மல்லாந்து கிடந்தார். போர்வை அவர் கழுத்து வரை இழுத்து இறுக்கப்பட்டிருந்தது. கைகள் உள்ளே. போர்வையின் ஓரம் முழுவதும் மெத்தையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. நெருக்கமான, சீரான கைத்தையல். யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. தலைமாட்டுப் பலகையில் அவர் தலையால் இன்னொரு முறை இடித்துவிட்டு நிறுத்தினார்.

"வந்துட்டியாம்மா." குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல். "தண்ணிக்குத்தான் தட்டினேன். மத்தபடி அசையல. நீ சொன்ன மாதிரியே படுத்திருக்கேன்."

"யாரு மாமா உங்களை இப்படி..."

அவர் அவளையே பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சந்தான், முடிஞ்சிரும்னு சொன்னியேம்மா," என்றார்.

மண்டியிட்டு நகங்களால் தையலைப் பிய்த்தாள். வரவில்லை. கத்தரிக்கோல் முன்னறையில் இருந்தது. எழுந்தாள். இடுப்பில் சூடு பிறந்தது. கீழே இறங்கியது. தொடை. முழங்கால்.

"மாமா, கத்துங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி கத்துங்க."

அவர் கத்தவில்லை. அவர் முகத்தில் இரக்கம்தான் தெரிந்தது.

"மறுபடியும் வலிக்குதாம்மா?"

சுவர். கதவு. தெருவுக்கு ஓடிவிட வேண்டும். இன்னும் ஓர் அடி. ஒரே ஓர் அடி.

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இரவு கறுத்திருந்தது. இடுப்பில் வலியே இல்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்திருந்தாள். போர்வை இப்போது தலைக்கு மேலும் ஏறி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், நாற்புறமும் தைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே எதுவும் அசையவில்லை.

"மாமா," என்று கூப்பிட வாயெடுத்தாள். முடியவில்லை. பற்களுக்கிடையில் நூல் இருந்தது. கடைசி முடிச்சை ஒட்டி, அதைக் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.