மார்கழிக் காலையில் வெடிக்காத பிஸ்டல்

மார்கழியில் சோடாக் கடைக்கு ஆள் வருவதில்லை. வருகிறவர்களும் சோடா குடிக்க வருவதில்லை. 1963-ஆம் வருஷம் மார்கழியில் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் பிச்சையின் கடைக்கு வந்த செவந்தியும், பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அழகுமலையைத் தேடித்தான் வந்தாள்.

அழகுமலை சமஸ்தானப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் ஊரில் ஒன்று காணாமல் போனால் ஜனங்கள் முதலில் அவரிடம்தான் வந்தார்கள். அவரோடு அலைவதற்குப் பிச்சை கடையைக் கூடச் சாத்திவிடுவான். இளவயதில் பட்டாளத்தில் சேரத் திருச்சி வரை போனவன் அவன். சேர்க்கவில்லை. ஒரு கோலி சோடா பாட்டில் வெடித்து இடது கண்ணைக் கொண்டுபோயிருந்தது. நாற்பது வயதாகியும் யாராவது துப்பாக்கி என்று சொன்னால் மிச்சமிருந்த கண் பெரிதாகும்.

"எங்க வீட்டுக்காரர காவக்கொட்டகையில அடைச்சுட்டாங்க ஐயா" என்றாள் செவந்தி. "நாளக்கழிச்சு ரயிலேத்தி விசாரணைக்குக் கொண்டுபோறாங்களாம். அவரு ஒண்ணுமே பண்ணல."

"யாரும்மா ஒங்க வீட்டுக்காரரு?"

"அவில்தார் நல்லதம்பிங்க. திருக்கோகர்ணம்."

"அந்தப் புதுத் துப்பாக்கிப் பரீட்சை!" என்று பிச்சை எழுந்தே விட்டான். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். சீனச் சண்டைக்குப் பிறகு, பழைய ரிவால்வரைத் தள்ளிவிட்டுப் படை முழுவதற்கும் ஒரே மாதிரிப் புதுக் கைத்துப்பாக்கி கொடுக்கலாம் என்று யோசனை. பனிமலையில் ஒரு குழு, பாலைவனத்தில் ஒரு குழு, செம்மண் புழுதிக்கு இங்கே ஒரு குழு. திருக்கோகர்ணத்தைத் தாண்டிப் பாறைக்காட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள்.

"அவரு துப்பாக்கி விடியக்காலம் வெடிக்கலையாம். மத்தியானம் மேஜரு எடுத்துச் சுட்டா, நல்லா வெடிச்சுதாம். அதனால இவரு வேணுமின்னே பண்ணிட்டாருங்கிறாங்க. லஞ்சம் வாங்கிட்டாருங்கிறாங்க."

அழகுமலை பேப்பரை மடித்தார். "வீட்டுல எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டு பேருதான். ரெண்டு பேருன்னு சொல்லிக்கிறது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு லீவுல வந்து போற மனுசந்தானே. இந்தப் பரீட்சைக்குன்னுதான் வீட்டுல தங்குனாரு. சித்திரையோட சர்வீசு முடியுது. இப்பப் போயி ஜெயிலுங்கிறாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பிச்சைக்கு ஆறுதல் சொல்ல வாய்த்திருக்கும்.

*

மேஜர் ஆத்மநாதன் நேரான மனிதர். கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னார்.

"இரண்டு கம்பெனித் துப்பாக்கிகள், இரண்டு அவில்தார்கள். ஒன்று நல்லதம்பியிடம், இன்னொன்று நாகராசுவிடம். தோட்டா மட்டும் என் பெட்டியில். துப்பாக்கி இரவும் பகலும் ஆளோடு கிடக்க வேண்டும். சைக்கிள் ஓட்டட்டும், வயலில் இறங்கட்டும், வீட்டில் தூங்கட்டும். மனிதன் வாழும் வாழ்க்கையில் கிடந்தும் சுடுகிறதா என்பதுதான் பரீட்சை. காலையில் இருவரும் ஒரே பெட்டித் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். நாகராசு சுட்டது எல்லாம் வெடித்தது. நல்லதம்பியுடையது ஒன்றுகூட வெடிக்கவில்லை."

"வெடிக்காத தோட்டாவப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். அடியில், விசையை இழுத்ததும் பாய்ந்து வரும் ஊசி தட்டிய தடம் இருந்தது. ஆனால் லேசாக, பட்டும் படாமலும். மத்தியானம் துப்பாக்கியைப் பிரித்தேன். அடைப்பு இல்லை, துரு இல்லை, எண்ணெய் தாராளமாகவே இருந்தது. அதே தோட்டாக்களைப் போட்டு நானே சுட்டேன். எல்லாம் வெடித்தன. அப்படியானால் காலையில் எதையோ உள்ளே சொருகியிருந்தான், பிறகு எடுத்துவிட்டான். வேறு என்ன?"

"பாஸானா நல்லதம்பிக்கு என்ன லாபம்?"

"அந்தத் துப்பாக்கி தேறினால், வடக்கே பயிற்சிப் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுக்க அவன்தான் போவான். பதவி உயர்வு, சர்வீஸ் நீட்டிப்பு. அவனே கேட்டு வாங்கினான். அதனால்தான் எனக்கு ஆத்திரம். அதைவிடப் பெரிதாக யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள்."

காவல் கொட்டகையில் நல்லதம்பி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். பெல்ட்டைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். கை அடிக்கடி வெற்று இடுப்புக்குப் போய் வந்தது.

"முந்தின நாள் என்னென்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"மத்தியானம் நாகராசு வந்து சாப்புட்டான். வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே கேம்புக்குத் திரும்பிட்டான். அப்பறந்தான் துப்பாக்கியப் பிரிச்சுத் தொடச்சேன். செவந்தி பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. அதுக்குப் பிடிக்கும். எது எதுக்குன்னு கேக்கும், நானும் சொல்லுவேன். தொடச்சு, மூடி, ஒறையில போட்டுட்டுக் கெணத்தடிக்குக் குளிக்கப் போனேன். வந்து தலமாட்டுல வச்சுப் படுத்தேன். விடியமுன்ன கெளம்பிட்டேன்."

"வேற ஏதாச்சும்?"

"தோலு ஒறையில எறும்பு மொச்சிருந்துச்சு. ஊதிவிட்டுட்டு இடுப்புல கட்டுனேன். அம்புட்டுத்தான்."

வெளியே வந்ததும் பிச்சை அழகுமலையின் சட்டையைப் பிடித்தான். "அண்ணே, நாகராசுதான். கறம்பக்குடிக்காரன். சாப்புட வந்தவன் துப்பாக்கிய மாத்தி வச்சுட்டான்."

"ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கு?"

"இல்லதான்."

"அப்பறம் எப்படிய்யா மாத்துவான்? சாப்பாட்டு எலையவா மாத்துறான்?"

நாகராசு தூரத்தில் தன் வழுக்கைத் தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இவர்களையே பார்த்தான். "நான் தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ற ஆளு இல்லங்க" என்று கேட்காமலே சொன்னான்.

*

நல்லதம்பியின் வீட்டில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி. ஆணியில் ஒரு பட்டாளச் சட்டை தொங்கியது. அதைத் துவைத்து மடிப்புக் கலையாமல் மாட்டியிருந்தாள். ஆள் இல்லாத வருஷங்களில் அது அப்படியேதான் தொங்கியிருக்கும் என்று பிச்சைக்குத் தோன்றியது. கொல்லை மதில் மேல் காலை வெயிலில் எண்ணெய்ப் பாட்டில் ஒன்று நின்றது. துளசிச் செடிக்கு அந்தப் பக்கம் கிணறு.

அழகுமலை கட்டிலையும் கிணற்றையும் பார்த்தார். மதிலைப் பார்த்தார். செவந்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெருவுக்கு வந்ததும் பிச்சையிடம் சொன்னார்:

"எனக்கு ஒரு பாளம் ஐஸ் வேணும். மரத்தூள் போட்ட பெட்டியோட."

"மார்கழியில ஐஸா? கேட்டா நம்மள ஏர்வாடிக்கு அனுப்பிருவாங்க அண்ணே."

"நாளைக்கு மத்தியானம் கேம்புக்குக் கொண்டா. துப்பாக்கி சுடணும்னு ஆசைப்பட்டியே, சுடலாம்."

பிச்சை அன்று சரியாகத் தூங்கவில்லை.

*

மறுநாள் மத்தியானம் கூடாரத்துக்கு வெளியே மேஜர், நாகராசு, இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் நல்லதம்பி, சற்றுத் தள்ளிச் செவந்தி. வெயில் நன்றாக ஏறியிருந்தது. மேஜையில் அந்தத் துப்பாக்கி, பக்கத்தில் பிச்சையின் ஐஸ் பெட்டி.

"சார், நீங்களே தொடச்சு, ஒங்க பட்டாள எண்ணெயப் போட்டு, ஐஸுல வைங்க" என்றார் அழகுமலை.

மேஜர் அப்படியே செய்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துச் சுட்டார். பாறையில் சத்தம் மோதித் திரும்பியது.

"இப்ப நான் கொடுக்கிற எண்ணெயப் போடுங்க." மடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். "ஊசி ஓடுற துவாரத்துல."

மறுபடி ஐஸ் பெட்டி. இம்முறை எடுத்ததும் அழகுமலை, "இவரு சுடட்டும் சார். ரொம்ப நாள் ஆசை" என்றார்.

பிச்சையின் கையில் துப்பாக்கி வந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒற்றைக் கண்ணால் பாறையைக் குறிபார்த்தான். அவனுக்கு மட்டும் குறிபார்க்க இன்னொரு கண்ணை மூட வேண்டிய அவசியமில்லை. மூச்சை அடக்கி விசையை இழுத்தான்.

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"என் நேரம்" என்றான் பிச்சை.

மேஜர் தோட்டாவை எடுத்து அடியைப் பார்த்தார். ஊசியின் தடம் லேசாக, பட்டும் படாமலும் இருந்தது. துப்பாக்கியை வெயிலில் வைக்கச் சொன்னார் அழகுமலை. உலோகம் சூடேறிய பிறகு மேஜரே அதே தோட்டாவைப் போட்டு இழுத்தார். வெடித்தது. பிச்சைக்கு மறுபடி யாரும் கொடுக்கவில்லை.

"அது என்ன எண்ணெய்?"

"தேங்காண்ணெய் சார். மார்கழிக் காலையில எந்த வீட்டுலயும் பாட்டில வெயில்ல வச்சுத்தான் தலைக்கு எடுப்பாங்க. உள்ள ஒறஞ்சுபோயி ஊசி மெதுவா ஓடியிருக்கு, அடி பலமா விழல. மத்தியானம் நீங்க பிரிக்கிறப்ப உருகித் தண்ணியாட்டம் இருந்துச்சு. நீங்களே சொன்னீங்க, எண்ணெய் தாராளமா இருந்துச்சுன்னு. வாசனை ஏன் தெரியலைன்னு கேக்காதீங்க. இங்க இருக்கிற எல்லார் தலையிலயும் அதே வாசனைதான்."

"என் தலையில கெடையாது" என்றான் நாகராசு, தொப்பியைத் தூக்கிக் காட்டி.

"அதோட நீங்க போனப்பறந்தான் இவரு துப்பாக்கியத் தொடச்சாரு. அதனால ஒங்கள அப்பவே விட்டுட்டேன். நல்லதம்பியயும் விட்டுட்டேன். பட்டாள எண்ணெய்க்கு எறும்பு வராது, தேங்காண்ணெய்க்கு வரும். தப்புப் பண்ணுனவன் எறும்பு மொச்சத வாய்விட்டுச் சொல்ல மாட்டான்."

"பிறகு யார்?"

அழகுமலை செவந்தியின் பக்கம் திரும்பவே இல்லை. "வீடுன்னா நாலு எடத்துல எண்ணெய் சிந்தும் சார். ஒறையிலயும் பட்டிருக்கும்."

மேஜர் யோசித்தார். "சரி. லஞ்சம் இல்லை, ஜெயில் இல்லை. ஆனால் கவனக்குறைவு. துப்பாக்கியைப் பாதுகாக்கத் தெரியாதவன் பள்ளியில் சொல்லிக்கொடுக்க முடியாது. சித்திரையில் வீட்டுக்குப் போகலாம், நல்லதம்பி. துப்பாக்கியும் தோற்றதாகவே எழுதுகிறேன்."

"சரிங்க சார்" என்றான் நல்லதம்பி.

அந்த முகத்தைப் பிச்சையால் பார்க்க முடியவில்லை. திருச்சியில் டாக்டர் 'அடுத்த ஆள்' என்று கூப்பிட்டபோது தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பார்வையைத் திருப்பினான். செவந்தியும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. புருஷனுக்கு ஜெயில் இல்லை, சித்திரையில் வீடு. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"தானா சிந்தல" என்றாள். "நாந்தான் ஊத்துனேன்."

மேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

"அவரு கெணத்தடிக்குப் போனப்ப ஊத்துனேன். ஊசி வேகமாப் போயித் தட்டலைன்னா வெடிக்காதுன்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. அவங்க எண்ணெய் பனியில கூட ஒறையாதுன்னாரு. எங்க எண்ணெய் ஒறையுமேன்னு நெனச்சேன். துப்பாக்கி தோத்தா வடக்க போக மாட்டாரு, சித்திரைக்கு வந்துருவாருன்னு பண்ணிட்டேன். ஜெயிலும்பாங்கன்னு தெரியாது."

"தெரிந்துகொண்டே இவரிடம் போய்த் துப்பறியச் சொன்னாயா?" என்றார் மேஜர்.

"என் வாயால சொல்ல வரல. ஐயா கண்டுபுடிச்சுருவாருன்னு போனேன். அவரும் பாதியில நிறுத்திட்டாரு."

மேஜரின் முகம் சிவந்தது. "இது சர்க்கார் சோதனை. போலீசில் ஒப்படைக்க வேண்டும்."

"ஒப்படைங்க" என்றார் அழகுமலை. "ஆனா மனுசன் வாழுற வாழ்க்கையில துப்பாக்கி கெடக்கணும்னு விதி போட்டது நீங்க. பொண்டாட்டி காத்துக்கிட்டுக் கெடக்கிறதும் அந்த வாழ்க்கையிலதான் சார் சேரும்."

மேஜர் தோட்டாக்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். "தவறான எண்ணெய். சோதனை செல்லாது. நாளைக் காலை மறுபடி" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போனார்.

திரும்பும் வழியில் ஐஸ் பெட்டி சொட்டிக்கொண்டே வந்தது. "அண்ணே, ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் பொய் சொன்னீங்களே?" என்றான் பிச்சை.

"பொய் இல்லய்யா. பாதி சொன்னேன். மீதி அந்தப் பிள்ளையோடது."

*

மறுநாள் விடியற்காலை முள்கம்பி வேலிக்கு வெளியே மூன்று பேர் நின்றார்கள். பனியில் உள்ளே இருந்தவர்கள் சாம்பல் உருவங்களாகத்தான் தெரிந்தார்கள்.

"வீட்டுல என்ன சொன்னாரு?" என்று பிச்சை மெதுவாகக் கேட்டான்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னாரு. சொன்னா இருந்துருப்பீங்களான்னு கேட்டேன். துப்பாக்கிய அவரே தொடச்சாரு. நான் பக்கத்துல போகல. வந்து ஒக்காருன்னாரு. போயி ஒக்காந்தேன்."

உள்ளே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. செவந்தி கம்பியைப் பிடித்தாள். "இவரா?"

பிச்சை தலையைச் சாய்த்துக் கேட்டான். அடுத்தடுத்து வெடித்துச் சத்தம் ஓய்ந்தது. "இல்லம்மா. இது நாகராசுவோடது. நேத்துக் கேட்டேனே, அதோட சத்தம் வேற."

பிறகு ஒன்றும் இல்லை. குளிர் அப்படியே நின்றது. மூன்று நாளைக்கு முன் இதே நேரத்தில் அது வெடிக்கக் கூடாது என்று எங்கேயோ கும்பிட்டுக்கொண்டு இருந்திருப்பாள். இப்போது அவள் உதடு அசைந்தது. எதற்குக் கும்பிடுகிறாள் என்று பிச்சை கேட்கவில்லை. அழகுமலைக்காக யாரும் எங்கும் நின்று காத்திருந்ததில்லை.

வெடித்தது. பாறையில் மோதித் திரும்பியது. உடனே இன்னொன்று.

"அவருதான்!" என்றான் பிச்சை.

செவந்தி கம்பியை விட்டாள். முள் குத்திய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். உள்ளே இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடியட்டும், பாத்துட்டுப் போகலாமே" என்றார் அழகுமலை.

"இல்லங்க. பரீட்சை முடிஞ்சா கையோட வடக்க ரயிலேத்திருவாங்க. கட்டுச்சோத்துக்குப் புளி ஊறப்போடணும். நாலு வேளைக்காச்சும் தாங்கணும்."

சொல்லிவிட்டுத் திருக்கோகர்ணம் பக்கமாக வேகமாக நடந்தாள்.