மதிப்பெண்காரனும் மூளைச் செல்காரியும்

"வழி விடுங்க... வழி!"

அறுவை அரங்கிலிருந்து அவள் ஓடி வந்தாள். கையில் சில்லென்ற குடுவை. வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் சிகிச்சைக்காக வெட்டியெடுத்த சின்னத் துண்டு அதில் மிதந்தது. செல்கள் சாவதற்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும்.

லிப்ட் வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன், கவிழ்ந்த பெட்டியிலிருந்து சிதறிய மரக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இந்த வயசுல கட்டை விளையாட்டா?"

"அறிவுத்திறன் சோதனைங்க. அந்தக் குடுவையில மிதக்குற மூளைக்குச் சொந்தக்காரருக்கு நான்தான் மார்க் போட்டேன். என் மார்க் இல்லாம உங்க செல்லு வெறும் சதை!"

நிமிர்ந்தான். மழை விட்டதும் ஜன்னலில் தங்கும் வெளிச்சம் போல... அப்படியொரு கண். வந்த கோபம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது.

"சரி, எவ்வளவு வாங்கினார்...?"

"மூச்!"

அதட்டல் லிப்டுக்குள்ளிருந்து வந்தது, கூடவே ஒரு கனைப்பு. துறைத்தலைவர், அவளுக்குப் பெரியப்பா. கனைக்காமல் அவர் வணக்கம்கூடச் சொன்னதில்லை.

"செல்லை அளக்குறவளுக்கு மார்க் தெரியக் கூடாது. தெரிஞ்சா கை தானா அந்தப் பக்கம் சாயும். ஆய்வு முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பேசினீங்க... ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும்!"

நியாயம்தான். நியாயத்துக்கு என்ன, அது அவன் கண்ணைப் பார்த்ததா?

மாதங்கள் ஓடின. அவள் செல்களின் கிளை நீளத்தை அளந்தாள். ஒவ்வொன்றின் மின்துடிப்பும் எவ்வளவு விறுவிறுவென்று எழுகிறது என்று பார்த்தாள். நடைவழியில் அவன் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்த்தபடி நடந்தார்கள். அந்தச் சுவருக்குக் கிடைத்த காதல் பார்வை வேறெந்தச் சுவருக்கும் கிடைத்திருக்காது.

துறையே கூடிய அரங்கில், அவள் அளவுகளையும் அவன் மார்க்குகளையும் சேர்த்துப் பார்க்கும் நாள் வந்தது. பொருந்தாவிட்டால் அத்தனை உழைப்பும் குப்பைக்கு. திரையில் புள்ளிகள் விழுந்தன... ஏறின! நீண்ட கிளையும் வேகத் துடிப்பும் உள்ள செல்கள் கூடுதல் மார்க் பக்கமே சாய்ந்தன.

பெரியப்பா கனைத்தார். "நம்ம குடும்பத்து மூளையில கிளையெல்லாம் காடா மண்டியிருக்கும்னு நான் அப்பவே..."

"ஓரளவுக்குத்தான் பொருந்துது, பெரியப்பா. கூட்டத்துக்குத்தான் இந்தக் கணக்கு, தனி ஆளை இதுல எடை போட முடியாது. உங்களையும் சேர்த்துத்தான்."

அரங்கம் அதிரக் கைதட்டியது. அவள் நேராக அவனிடம் போனாள்.

"இப்பப் பேசலாமே?"

"பேசலாம்... வார்த்தைதான் வரமாட்டேங்குது."

"மார்க் போடுறவருக்கே இந்த கதியா?"

"உங்களைப் பார்த்தா மூளை லீவு போட்டுடுதுங்க. நெஞ்சுதான் ரெண்டு வேலையும் பார்க்குது... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான்!" என்றாள் உரக்க... பெரியப்பா காதில் விழட்டும் என்றே.