ஸ்க்ரூ கழன்ற வீடு

கீச்... கீச்... கீச்...!

தாமரைச்செல்வியின் இடுப்பில் தொங்கிய மீட்டர் அலறியது.

கார்பன் மோனாக்சைடு!

வாசனை கிடையாது. நிறம் கிடையாது. சத்தமில்லாமல் ஆளைத் தூக்கிவிடும்.

அமெரிக்காவின் காப்பெல் நகரில் ஒரு மாடி வீடு. கூரைக்கு அடியில் அட்டிக். போன வருஷமே பதிவாகியிருந்த வருடாந்திர சர்வீஸுக்காக ஏறியிருந்தாள். கோபிச்செட்டிபாளையத்து மெக்கானிக்கல் இன்ஜினியர். டெக்சஸில் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஹீட்டிங் கம்பெனி நடத்துகிறவள். வாய் ஜாஸ்தி. பயம் கம்மி.

அங்கே கேஸில் எரியும் இரண்டு ஃபர்னஸ்கள். ஒன்று கீழ்த்தளத்தைச் சூடாக்க. இன்னொன்று மாடிக்கு.

மாடி ஃபர்னஸின் மேல் டார்ச்சை அடித்தவள் திடுக்கிட்டாள்!

கூரையைத் தாண்டி வெளியே போக வேண்டிய புகைக்குழாய் பாதியில் கழன்று கிடந்தது. இணைப்பில் இருக்க வேண்டிய ஸ்க்ரூக்கள் ஒன்றுகூட இல்லை. தானாகப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் தகடு கிழிந்திருக்கும்... கிழியவில்லை! குழாயின் வாய், மாடி அறைகளுக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் டக்ட்டில் செருகப்பட்டிருந்தது. அதற்கென்றே வெட்டிய ஓட்டை!

இது ரிப்பேர் இல்லை.

கொலை!

சுவிட்சை அணைத்தாள். கேஸ் வால்வை மூடினாள். ஏணியில் சறுக்கி இறங்கி, மாடி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டு ஓனரின் நம்பருக்குப் போன் போட்டாள்.

"அச்சுதன் சாருங்களா? ஃபர்னஸ் சர்வீஸ் தாமரைச்செல்வி பேசறனுங்க. புகைக்குழாயை யாரோ வேணும்னே கழட்டி, வீட்டுக்குள்ள திருப்பி விட்டிருக்காங்க!"

மறுமுனையில் அச்சுதன் பதறினான்.

"மை காட்... பண்ணிட்டாளா! கடைசில பண்ணியே பண்ணிட்டாளா!"

"யாருங்க?"

"என் வைஃப். மாளவிகா. அவளுக்கு மனசு சரியில்லைங்க. உன்னைக் கொல்லாம விடமாட்டேன்னு சொல்லிட்டே இருந்தா... நீங்க போலீஸுக்குக் கால் பண்ணி அவளை உசுப்பிடாதீங்க. நானே பண்றேன். ஆஃபீஸ் பக்கத்துலதான். இதோ ட்ரைவ் பண்ணிட்டு வரேன். அவகிட்ட ஜாக்கிரதை! கையில கத்தி கிடைச்சா குத்திடுவா!"

போன் கட்!

கீழே ஹாலில் மாளவிகா சோபாவில் சாய்ந்து கிடந்தாள். தாமரைச்செல்விக்குக் கதவைத் திறந்தபோதே தள்ளாடியவள்தான்.

"மேடம், எந்திரிங்க. வெளிய போயிரலாம். வீட்டுக்குள்ள விஷ வாயுங்க."

"விஷமா... எப்படி?"

"குழாயைக் கழட்டிருக்காங்க. உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டனுங்க. வந்துட்டிருக்காரு."

மாளவிகாவின் கண்கள் அகலமாயின.

"அவருக்கா சொன்னீங்க? அப்போ... இன்னிக்கே முடிஞ்சிடும்."

சுவரைப் பிடித்தபடி கிச்சனுக்குள் போனாள். திரும்பி வந்தபோது...

கையில் கத்தி!

கராஜ் கதவு கடகடவென்று ஏறியது. அச்சுதன் மூச்சு வாங்க உள்ளே பாய்ந்தான்.

"மாளு... கத்தியைக் கீழ போடு."

"கிட்ட வராதே!"

அவன் வந்தான். அவள் வீசினாள்!

அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பிளந்தது. வெள்ளைச் சுவரில் ரத்தம் தெறித்தது.

"பாத்தீங்களா! கொல்றா! ஹெல்ப் பண்ணுங்க!"

தாமரைச்செல்வி யோசிக்கவில்லை. பைப் ரெஞ்ச்சை ஓங்கினாள்.

மடக்!

மாளவிகாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. கத்தி எகிறி விழுந்தது. அலறியபடி சரிந்தவளின் மார்பில் அச்சுதன் முழங்காலை ஊன்றினான்.

"விடுங்க சார், மூச்சு முட்டுது அவங்களுக்கு! போலீஸ் வரட்டும்!"

"வருவாங்க... வருவாங்க."

முழங்கால் இன்னும் அழுந்தியது. தாமரைச்செல்விக்கு எங்கோ இடித்தது.

"சார்... மாடி பெட்ரூம்ல படுக்கறது நீங்கதானுங்களே?"

"இல்ல, அவதான். நான் கீழ ஆஃபீஸ் ரூம்லயே தூங்கிடுவேன். ஏன்?"

"கழட்டியிருக்கறது மாடி ஃபர்னஸுங்க."

"அதனால?"

"உங்களைக் கொல்றதுக்கு அவங்க எதுக்குங்க விஷத்துல படுக்கணும்?"

அச்சுதன் முழங்காலை எடுத்தான். மெல்ல எழுந்தான். சிரித்தான்!

"சர்வீஸ் பண்ண வந்தா சர்வீஸ் மட்டும் பண்ணணும்மா."

பாய்ந்தான். தாமரைச்செல்வியின் கூந்தலைப் பற்றி இழுத்துப்போய், கிச்சனின் கிரானைட் மேடையில் முகத்தை மோதினான். ஒரு தடவை... இன்னொரு தடவை! நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கழுத்தில் பத்து விரல்கள் இறுகின.

"டிவோர்ஸா கேக்கறா டிவோர்ஸ்! இப்போ பாரு... அவ உன்னைக் கொன்னா. தடுக்கப்போன நான் அவளைக் கொன்னேன். ஸ்டோரி எப்படி?"

தாமரைச்செல்வியின் கை இடுப்பு பெல்ட்டைத் துழாவியது. முனையில் ஸ்க்ரூ செருகிய ட்ரில்! அவன் தொடையில் அழுத்தி, விசையை இழுத்தாள்.

ட்ர்ர்ர்ர்ர்...!

தகட்டைத் துளைக்கும் ஸ்க்ரூ, தசையை முறுக்கிக்கொண்டு இறங்கியது.

"ஆ...ஆஆ...!"

பிடி தளர்ந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

பின்னால் மாளவிகா. இடது கையில் பிரஷர் குக்கர்!

டொங்!

மண்டையில் விழுந்தது அடி. மண்டியிட்டான். நிமிர்ந்து பார்த்தான்.

"மாளு... ப்ளீஸ்..."

டொங்!

அதற்குப் பிறகு அச்சுதன் ப்ளீஸ் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

தாமரைச்செல்வி, அவசர உதவிக்கு 911 அழுத்தினாள்.

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. தலையில் கட்டோடு தாமரைச்செல்வி, ஸ்ட்ரெச்சரில் இருந்த மாளவிகாவின் அருகே போனாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். ஆளை மாத்தி அடிச்சுப்போட்டனுங்க."

"கத்தியோட நின்னது நான்தானே... யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

"புதுக்குழாய் போட்டு, கூரைக்கு மேல வரைக்கும் நானே செக் பண்ணித் தர்றனுங்க. ஒவ்வொரு தளத்துலயும் அலாரமும் மாட்டிடறேன்."

"தேங்க்ஸ். உங்க கம்பெனிக்கு ஆன்லைன்ல அஞ்சு ஸ்டார் ரிவ்யூ போடணும்னு ஆசைதான்..."

மாளவிகா கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆனா டைப் அடிக்கிற கையைத்தானே உடைச்சு வெச்சிருக்கீங்க!"