ஒரே ஒரு குல்லா

மின்சாரம் இல்லாத வார்மரின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறந்த குழந்தையைக் கிடத்திச் சூடாக வைக்கும் மேடை அது. ராக்னி கடிகாரத்தைக் கவனித்தபோது பகல் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். பகல் என்பது பேச்சுக்குத்தான். நார்வேயின் வடகோடியில் டிசம்பர் மாதம் சூரியன் எழுவதில்லை. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தப் பயிற்சி அறையின் ஜன்னலுக்கு வெளியே, தெருவிளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் மட்டும் பனி விழுவது தெரிந்தது.

"அய்விந்த், இது ஓடுது பாரேன்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பயிற்சிப் பொம்மையை மூச்சுவிடவும் அழவும் வைப்பவன் அய்விந்த். அவன் எட்டிப் பார்த்தான்.

"பிளக்கை நான்தான் காலைல பிடுங்கினேன். இங்க இருக்கிற ஆறு வார்மருமே மேல பிரசவ அறையில உழைச்சு ரிட்டயர் ஆனதுங்க. இது போன வாரம்தான் வந்துச்சு. வயசாயிடுச்சில்ல, தூக்கத்துல உளறுது. விடு."

மூன்று இலக்கங்களுக்கே இடமுள்ள பலகையில் ஐந்து இலக்கங்கள் நெருக்கியடித்து நின்றன. 61,942. குழந்தை வெளியே வந்த நொடியில் அழுத்தினால் நிமிடக் கணக்கைத் தொடங்கும் கடிகாரம் அது. ராக்னி மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்று நாள், இருபத்திரண்டு நிமிடம்.

ஈவர் பிறந்து சரியாக அவ்வளவு நேரம்.

பச்சிளம் குழந்தைகளுக்கான மருத்துவராக அவள் பயிற்சி எடுக்கும் இரண்டாம் ஆண்டு இது. ஈவரின் வாயிலிருந்து ஒரு கட்டி வளர்ந்து உதடுகளைத் தாண்டி வெளியே தொங்கியது. எத்தனையோ ஆயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. தொப்புள்கொடியை அறுக்கும்வரை தாயே மூச்சு. அதற்குள் கட்டியை ஒதுக்கிச் சுவாசக் குழாயை இறக்கிவிட வேண்டும். அவளால் முடியவில்லை. அது அவள் குற்றமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிழைக்காவிட்டால், தலைமாட்டில் நிற்பவர்தான் இறந்த நேரத்தைச் சத்தமாகச் சொல்லி, கடிகாரத்தை நிறுத்தி, பிள்ளையைக் கையில் எடுக்க வேண்டும். ராக்னி எதையும் செய்யவில்லை. மாடிப்படிக்கு ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டாள். அவன் தாய் சில்யே, தன் கையால் பின்னிய மஞ்சள் குல்லாவை அன்று காலை அவளிடம் கொடுத்திருந்தாள். "வெளிய வந்ததும் போட்டு விடு ராக்னி, அவனுக்குக் குளிரும்." அந்தக் குல்லா இன்னும் அவள் சட்டைப்பையில்தான் இருந்தது.

"எங்க போயிட்ட நீ?" பயிற்சி கொடுக்கும் மருத்துவர் தோர்பியர்க் மேசையைத் தட்டினாள். "மூணாவது தடவையும் பொம்மை செத்துப்போச்சு. திங்கக்கிழமை பொம்மை இருக்காது, தெரியுமில்ல?"

திங்கட்கிழமை பிறக்கவிருக்கும் ஒரு பெண் குழந்தையின் வாயிலும் ஸ்கேனில் அதே கட்டி தெரிந்திருந்தது.

"தெரியும்."

"உன் கையில குறை இல்ல. பொம்மையோட முகத்தைத்தான் நீ பார்க்கவே மாட்டேங்கிற. அஞ்சு மணிக்கு வர்றேன். அப்பவும் முடியலைன்னா ஓஸ்லோவுலேர்ந்து ஆள் கேக்கணும். இந்தப் பனியில விமானம் இறங்கினா உண்டு. இல்லேன்னா அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்ல."

அவள் போனதும் அய்விந்தும் எழுந்தான். "மேல வாஃபிள் சுடுறாங்க. உனக்கு ஒண்ணு கொண்டு வரவா? மூஞ்சியப் பாத்தா ரெண்டு வேணும் போலிருக்கே." பொம்மையின் இணைப்பைப் பிடுங்கி, விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டுப் போனான்.

அறை அமைதியாயிற்று. தெருவில் பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டே போய்த் தேய்ந்து மறைந்த பிறகு, வேறொரு ஓசை மிச்சமிருந்தது. மூக்கடைத்த பிள்ளை பால் குடிக்க முயல்வதுபோல, ஈரமாக, விட்டுவிட்டு, பொறுமையாக. அதனோடு பனிக்குட நீரின் வாடையும் வந்தது, ரப்பரும் மருந்து நெடியும் தவிர எந்த வாடையும் இருந்திராத அந்த அறைக்குள், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல. வார்மரின் மேல்விளக்கு இருண்டுதான் கிடந்தது. ஆனாலும் அதன் கீழே நீட்டிய அவள் கை சுட்டது.

அவள் அதன்மேல் கிடந்த பொம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

உதடுகளுக்கிடையே செந்நிறக் கட்டி. அய்விந்த் ரப்பரில் வார்த்தது. அது இப்போது பளபளத்தது. மெல்ல ஏறி இறங்கியது.

61,966.

ஓடிவிடலாம். கதவு நான்கடி தூரம். முன்பும் ஓடியிருக்கிறாள்.

"ஆண்டவரே," என்றாள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. சட்டைப்பைக்குள் கம்பளி விரலில் பட்டது. அதுவே ஜெபம் போலிருந்தது.

குல்லாவை எடுத்து அந்தச் சிறிய தலையில் போட்டாள். காதுகளை மூடி இழுத்துவிட்டாள். பிறகு இரண்டு கைகளாலும் தூக்கினாள். பொம்மையின் எடை அவளுக்குத் தெரியும். இது அந்த எடை இல்லை. தலை தானாக அவள் தோளுக்குள் சரிந்து புதைந்தது.

"ஈவர், நான் ஓடிப்போயிட்டேன்டா. உங்கம்மா குல்லா குடுத்தா. போடாமலே வச்சிருந்தேன். மன்னிச்சுக்கோ, கண்ணு."

ஈரமான ஏதோ அவள் கழுத்தைத் தேடியது. அவள் விலகவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். கண்ணீர் குல்லாவின் மேல் விழுந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. தோளில் இருந்த சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் ரப்பரின் குளிர்ச்சி மட்டும் மிஞ்சியது.

அவள் இடது கையால் கடிகாரத்தை அழுத்தினாள். "இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம்," என்று சத்தமாகச் சொன்னாள். எண்கள் அணைந்தன.

பொம்மையைப் படுக்க வைத்து, முகத்தை நேராகப் பார்த்து, கட்டியை விரலால் ஒதுக்கி, தொண்டைக்குள் பார்க்க உதவும் விளக்குக் கரண்டியால் நாக்கைத் தூக்கினாள். மூச்சுக்குழலின் வாய் தெரிந்தது. குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. முதல் முயற்சியிலேயே. திங்கட்கிழமைப் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். ராக்னி அழுதுகொண்டே சிரித்தாள். இவ்வளவு சின்னக் காரியத்துக்காகவா அவன் இத்தனை நாள் காத்திருந்தான்?

டிக்.

முதுகுக்குப் பின்னால்.

டிக். டிக்.

திரும்பினாள். சுவரோரம், மேலே ஆளுக்கொரு பயிற்சிப் பொம்மையோடு வரிசையாக நின்ற மற்ற ஐந்து பழைய வார்மர்கள். எதற்கும் பிளக் இல்லை. ஒவ்வொன்றாகப் பலகைகள் எரிந்தன. இலக்கங்கள் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல் பிதுங்கின. வருடங்கள். பத்து. இருபது. முப்பது. என்றோ யாரோ நிறுத்தாமல் விட்டுப் போனவை.

அவற்றின் மேல் கிடந்த ஐந்து பொம்மைகளும் அவள் பக்கம் தலையைத் திருப்பியிருந்தன. ஒன்றும் அழவில்லை. வாய்களை மட்டும் திறந்து காத்திருந்தன, கட்டாந்தரையில் விழுந்த குஞ்சுகள் போல.

ராக்னி தன் காலியான சட்டைப்பையைத் தடவினாள்.

ஒன்று, மெதுவாக, கையைத் தூக்கித் தன் வெறுந்தலையைத் தொட்டுக் காட்டியது.