முறிவு தெரிந்தவள்

1974ஆம் ஆண்டு மழைக்காலம். கடப்பாக்கத்தில் கிளினிக் நடத்தும் டாக்டர் வசுமதி, நனைந்த குடையோடு செங்கல்பட்டுக்கு வந்து துப்பறிவாளர் பக்தவத்சலத்தின் எதிரே உட்கார்ந்தார்.

அவருடைய மூட்டுவலி நோயாளி நூர்முகமது, மளிகைக் கடைக்காரர். சில வாரங்களாக அடிக்கடி மயங்கி விழுகிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நன்றாக இருக்கிறார். வீடு திரும்பினால் மறுபடியும் விழுகிறார். சோதனையில் எதுவும் அகப்படவில்லை. இப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். மனைவி பதருன்னிசா விஷம் வைக்கிறாள் என்று தம்பி கிஃபாயத்துல்லா அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். அடுத்தது போலீஸ் என்கிறார்.

“உங்கள் மருந்து காரணமாக இருக்காதா?” என்றான் உதவியாளன் தேவசகாயம்.

வசுமதி இல்லை என்று தலையசைத்தார். மூட்டுவலிக்கு ஒரு புது மருந்தை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாதிப் பேருக்கு அந்த மருந்து. பாதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெறும் சர்க்கரை மாத்திரை. யாருக்கு எது என்பது அவருக்கே தெரியக்கூடாது. கம்பவுண்டர் லட்சுமணன்தான் கொடுப்பார்.

“சந்தேகப்பட்டு அவரையே கேட்டேன். நூர்முகமதுவுக்குச் சர்க்கரை மாத்திரைதான் போகிறது என்றார்.”

“ஆஸ்பத்திரியில் அதைத் தொடர்ந்தார்களா?”

“இல்லை. அங்கே வெளி மாத்திரைக்கு அனுமதி கிடையாது.”

மறுநாள் பக்தவத்சலமும் தேவசகாயமும் கடப்பாக்கம் போனார்கள். பதருன்னிசா அக்காள் வீட்டில் இருந்தாள். கணவர் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை நாஸ்தா சாப்பிடாமலே கடை திறப்பாராம். கொஞ்ச நேரத்தில் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அவள் டீயைக் குடிக்க வைத்தால் தெளிந்துவிடுவார். பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பார்கள்.

கடையில் கிஃபாயத்துல்லா வேறு விதமாகச் சொன்னார்.

“டீ குடுத்தா எந்திரிக்கிறாராம். விஷம் வெச்சவளுக்குத்தானே சார் முறிவும் தெரியும்?”

கடைக்காகத் தம்பியே செய்திருப்பான் என்று தேவசகாயம் வழியெல்லாம் வாதாடினான். பக்தவத்சலம் கிளினிக்கில் இன்னொரு மூட்டுவலி நோயாளியான கன்னியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். அவளுக்கும் சர்க்கரை மாத்திரைதான் என்று லட்சுமணன் சொல்லியிருந்தார்.

“முட்டி வலி அப்பிடியேதான் கீது சார். பசிதான் தாங்கல. சோறு துன்னுட்டு மாத்திரை போட்டா, மறுபடியும் சோறு கேக்குது.”

பக்தவத்சலம் எல்லோரையும் கிளினிக்குக்கு வரவழைத்தார். லட்சுமணனிடம், சர்க்கரை மாத்திரை எடுக்கும் டப்பாவைக் காட்டச் சொன்னார்.

லட்சுமணன் தயங்காமல் அலமாரியைத் திறந்தார். “இதான் சார். அம்மா குடுத்த டப்பா போன மாசமே காலி. சக்கரை மாத்திரைன்னாங்க. சக்கரைக்காரங்களுக்குக் குடுக்குற இதையே போட்டுகினு வரேன்.”

வசுமதி எழுந்து நின்றுவிட்டார்.

“டாக்டர் சொன்னது சர்க்கரையால் செய்த மாத்திரை. இவர் புரிந்துகொண்டது சர்க்கரை நோய் மாத்திரை,” என்றார் பக்தவத்சலம். “அந்த நோய் இல்லாதவர் வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கன்னியம்மா சாப்பிட்டுவிட்டு விழுங்கினாள், பசியோடு போயிற்று. டீயில் இருந்த சர்க்கரைதான் முறிவு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அது வேலையை முடித்துவிட்டது.”

கிஃபாயத்துல்லா தரையைப் பார்த்தார். “வூட்டுக்கு வாங்க அண்ணி.”

“வரேன். இனிமே டீக்குச் சக்கரய நீயே போடு தம்பி. எனக்கு எதுக்கு வம்பு?”

வாசல்வரை போனவள் திரும்பினாள். “டாக்டரம்மா, நீங்க குடுக்க நெனச்சது மருந்தே இல்லன்னு அவருக்குத் தெரியுமா?”

“சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடும்,” என்றார் வசுமதி.

“நான் டீயை டீன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”

அவள் போன பிறகு வசுமதி டப்பாவை மூடினார். கன்னியம்மாவை உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்தார்.

“உங்களுக்கு என்ன கொடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்,” என்றார்.