விதை போடாத ஜாடிகள்

விதை போடாத ஜாடிகளிலும் படிகம் வளர்ந்திருந்தது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். குளிர் அலமாரியைத் திறந்ததும் வழக்கமாக முகத்தில் வந்து மோதும் மெழுகு வாடையும், உருகிய பைகளின் இனிப்புக் கலந்த கருகல் வாடையும் இன்று இல்லை. எந்த வாடையும் இல்லை. மேல்தட்டில் நேற்று அவள் விதை போட்டு வைத்த ஜாடி. கீழ்த்தட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் எண்ணெய் ஊற்றி இறுக மூடி வைத்தவை. மேலே இருந்ததைப் போலவே கீழேயும் ஒவ்வொன்றின் அடியிலும், ஊசி ஊசியாகக் கால்களை விரித்துக்கொண்டு ஒரு வெள்ளை நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது.

குப்பையில் சேரும் பைகளையும் பாட்டில்களையும் காற்றுப் புகாத உலையில் உருக்கி எண்ணெயாக்குவது, அந்த எண்ணெயிலிருந்து கல்லைப் போல் உறுதியான படிகத்தை வளர்த்தெடுப்பது, இதுதான் அவள் ஆராய்ச்சி. பல வருடங்களாக அது அவளுக்குத் தண்ணி காட்டியது. சில நாட்களுக்கு முன்புதான், எப்படியென்று அவளுக்கே தெரியாமல், கடுகளவில் ஒன்று வந்தது. அதைத்தான் விதையாகப் போட்டாள்.

கூட வேலை பார்ப்பவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். சின்னக் கழுத்தும் பெரிய வயிறுமாக இருப்பதால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவன் குடுவை; அந்தப் பெயருக்குத்தான் அவனும் திரும்பிப் பார்ப்பான்.

"ஒருத்தரைக் கூப்பிட்டா குடும்பத்தோட வந்து இறங்கிட்டாங்கக்கா."

அவளும் சிரித்து வைத்தாள். படிகம் வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும். கோட்டில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும், மூடியின் இடுக்கில் நுழையும். புதிய வடிவம் ஒன்று ஒரு ஆய்வகத்துக்குள் வந்துவிட்டால் அதன் பிறகு பழையது வளரவே வளராது என்று அவளுடைய பேராசிரியர் சொல்வார். அதைத் தனக்குத்தானே திரும்பச் சொல்லிக்கொண்டாள். மழை வலுக்கும் என்று குடுவை சீக்கிரமே கிளம்பிவிட்டான். ஆய்வகம் முழுவதும் அவளுக்கு.

ஜாடிகளை வெளியே எடுத்தபோதுதான் அடியில் இருந்த தட்டைப் பார்த்தாள். நீலநிற பிளாஸ்டிக் தட்டு. வெளுத்துப்போயிருந்தது. ஓரத்தைத் தொட்டதும் காய்ந்த சருகைப் போல் நொறுங்கி, மேசையில் ஊசிகளாக உதிர்ந்தது.

அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜாடியில் இருந்தது எண்ணெய், அதில் வளரலாம். தட்டில் எண்ணெய் இல்லை. உலைப் பக்கமே போகாத தட்டு அது. உருகாத, குளிர்ந்த, வெறும் பிளாஸ்டிக்.

கையுறையின் விரல்நுனிகள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன.

அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பின்கட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். கழுவாத பைகளும் நசுங்கிய பாட்டில்களும் கூரை உயரத்துக்கு மூட்டை கட்டிக் கிடக்கும் இடம். நேற்றுவரை புளித்த பாலும் அழுகலுமாக நாறிய இடம். இப்போது மழை வாசனை மட்டும் இருந்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தாலும் அதற்கும் அடியில் வேறொரு சத்தம். ஊறப்போட்ட அரிசி தண்ணீர் குடிக்கும்போது வருமே, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் கேட்குமே, அந்தச் சத்தம். ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அவள் கைவிளக்கை உயர்த்தினாள். மூட்டைகள் அத்தனையும் வெள்ளையாக இருந்தன.

ஒரு முறம் அளவு வாரி உலையில் போட்டு, வெப்பமானியின் முள் போகும் கடைசி வரைக்கும் சூட்டை ஏற்றினாள். கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். உருகவில்லை. கருகவில்லை. சூடு ஏற ஏற ஊசிகள் நீண்டன.

ஆய்வக இயக்குநருக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். களைப்பாக இருப்பாய், போய்த் தூங்கு, காலையில் வந்து பார்க்கிறேன், எதற்கும் நல்லதாக நாலு படம் எடுத்து வை என்றார்.

அவள் கோட்டைக் கழற்றிப் போட்டாள். ஆய்வகக் குளியலறையிலேயே தோல் சிவக்கும்வரை தேய்த்துக் குளித்தாள். தலையை மறுபடியும் மறுபடியும் அலசினாள். பூட்டிவிட்டு வண்டியை எடுத்தபோதுதான் அது உறைத்தது. நேற்று இப்படிக் குளிக்கவில்லை. முந்தாநாளும் இல்லை. வேலை முடிந்த கையோடு போய் அப்பாவுக்குச் சோறு போட்டாள். மருந்து எடுத்துக் கொடுத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள்.

வழியெல்லாம் அவளுடைய மழைக்கோட்டு மடியும் இடங்களில் நொறுங்கிக்கொண்டே வந்தது.

வாசலிலேயே அப்பா குறை சொன்னார். குளியலறை வாளி ஒரேயடியாக இரண்டாகப் பிளந்துவிட்டதாம், தரையெல்லாம் தண்ணீராம், இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் நாலு நாளைக்கு மேல் தாங்குவதில்லையாம். நல்லவேளை வழுக்கி விழவில்லை என்று தன்னையே பாராட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் குளியலறைக்குப் போனாள். வாளியின் இரண்டு பாதிகளும் உள்பக்கம் மயிர் முளைத்ததைப் போலிருந்தன. பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தாள். விரலில் குத்தியது. மெல்லிய கோடாக ரத்தம் இறங்கியது.

போன் அடித்தது. குடுவை.

"அக்கா, போன வருஷம் ஒரு பல்லை அடைச்சேன்ல. அந்த இடம் கூசுது. நாக்குல ஏதோ கிழிக்குது."

"கண்ணாடில பாத்தியா?"

அவன் கண்ணாடியைத் தேடிப் போவது கேட்டது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. மூச்சு கேட்டது. மூச்சுக்கு அடியில், ஊறும் அரிசியின் சத்தம்.

"வெள்ளையா இருக்குக்கா," என்றான். "பக்கத்துப் பல்லைத் தள்ளுது."

பிறகு அவன் பேசியது பேச்சாக இல்லை. குடுவை, குடுவை என்று அவள் கூப்பிட்டாள். போன் அப்படியே திறந்து கிடந்தது. அவன் மனைவி எங்கிருந்தோ, என்னங்க, என்னங்க என்று ஓடிவருவது கேட்டது. அவள் போனை அணைத்தாள். யாரிடம் சொல்வது? என்ன சொல்வது? அடைத்த பல், தைத்த நூல், குடித்த தண்ணீர், சுவாசித்த தூசு. பிளாஸ்டிக் இல்லாத உடம்பு எங்கே இருக்கிறது?

"லைட்டப் போடும்மா," என்றார் அப்பா கூடத்திலிருந்து.

அவள் கூடத்துக்கு வந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எரியுதுப்பா."

"அப்படியா? ஒரே பனியா இருக்கே."

அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்தார்கள். மெல்லிய, சின்ன, வளையும் லென்ஸ். வீட்டுக்கு வந்த அன்று காலண்டரில் இருந்த பொடி எழுத்தைக்கூட உரக்க வாசித்துக் காட்டினார்.

அவள் அவர் முன் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் அவர் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். அவர் குழந்தையைப் போல் திரும்பினார்.

கருமணியின் நடுவில் ஒரு வெள்ளை நட்சத்திரம்.

இரண்டிலும்.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா. குளுகுளுன்னு இருக்கு." அவர் சிரித்தார். "நீ ஏன் அழுவுற?"

வீடு முழுக்க அந்தச் சத்தம் எழும்பியது. ஜன்னல் திரையில். சுவருக்குள் ஓடும் குழாயில். அவள் சட்டைப் பித்தான்களில். அவள் அவர் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்பா இமைக்கப் பார்த்தார்.

மேலிமை பாதி இறங்கியது. ஏதோ ஒன்றின் நுனியில் தட்டி, அங்கேயே நின்றது.